பேர் வந்திருக்கா?

எங்கள் அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஆனால் 1999 கோடையில் ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லை மட்டும் எட்டடி தள்ளி நின்றே கண்டுபிடிக்கப் பழகியிருந்தாள். அண்ணன் பெயர். முதல் எழுத்து பாம்பு மாதிரி வளைந்திருக்கும், கடைசி எழுத்துக்கு வால் உண்டு. அதுதான் அவள் வைத்திருந்த அடையாளம்.

அண்ணன் அப்போது டெல்லியில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் புகைப்படக்காரன். கார்கில் சண்டை மூண்டதும் திராஸுக்கு அனுப்பிவிட்டார்கள். 'அனுப்பிவிட்டார்கள்' என்பது வீட்டுக்குச் சொன்ன கதை. அவனே கேட்டு வாங்கிக்கொண்டு போனான் என்பது பத்து வருஷம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அந்தப் பத்திரிகை பாளையங்கோட்டைக்கு ஒரு நாள் தாமதமாக வரும். பஸ் ஸ்டாண்ட் கடைக்காரரிடம் சொல்லிவைத்து, கல்லூரிக்குப் போகும் முன் சைக்கிளில் போய் வாங்கி வருவது என் வேலை. நான் திரும்பும்போது அம்மா நடையிலேயே நிற்பாள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"ஏட்டி, பேர் வந்திருக்கா?"

படம் வந்திருக்கா என்று ஒருநாளும் கேட்டதில்லை. பீரங்கி, பதுங்குகுழி, தேசியக்கொடி போர்த்திய பெட்டி, தகர டம்ளரில் டீ குடிக்கும் சிப்பாய் என்று எத்தனையோ வந்தன. அவள் கண் நேராகப் படத்துக்குக் கீழே, கடுகு எழுத்தில் இருக்கும் அந்த வரிக்குத்தான் போகும். நான் கணக்குச் சொல்லவேண்டும். அவன் படச்சுருளை ஸ்ரீநகர் போகிற வண்டியில் கொடுத்துவிடுவான். அங்கே கழுவி டெல்லிக்கு அனுப்பவேண்டும். டெல்லியில் அச்சாகவேண்டும். அப்புறம் நம் ஊருக்கு வரவேண்டும். "மூணு நாளாகும்மா." அம்மா தலையாட்டிக்கொள்வாள். "அப்ப மூணு நாளைக்கு முந்தி நல்லாத்தான் இருந்திருக்கான்." அதற்குப் பிறகுதான் உலை வைப்பாள்.

அந்த ஆறு வாரத்துக்குப் பிறகு போர்ப் படங்களை மற்றவர்கள் பார்க்கிற மாதிரி என்னால் பார்க்க முடிவதில்லை. பெயரைத்தான் முதலில் தேடுகிறேன். இந்தப் பெயரை எந்த வீட்டில் யார் தேடிக்கொண்டிருப்பார்கள் என்று மனம் ஓடுகிறது. கிறுக்குத்தனம்தான். ஆனால் அந்தக் கிறுக்கில் இருபத்தைந்து வருஷமாக நிறையப் படித்தும் விட்டேன்.

போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பாவை எல்லோருக்கும் தெரியும். படம் நன்றாக இல்லையென்றால் நீ இன்னும் கிட்டப் போகவில்லை என்று அவர் சொன்னதாக ஒரு வாசகம் புகைப்படம் படிக்கிற பிள்ளைகளின் சுவரிலெல்லாம் ஒட்டியிருக்கும். அண்ணன் அறையிலும் இருந்தது. காப்பாவின் அம்மா ஜூலியாவைப் பற்றி எந்தச் சுவரிலும் ஒன்றும் கிடையாது. புடாபெஸ்டில் துணி தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவள், பிறகு நியூயார்க்கில் குடியேறியவள். மகன் ஸ்பெயின், சீனா, நார்மண்டி என்று ஐந்து போர்களைப் படம் பிடித்தான். அத்தனைக்கும் அவள் காத்திருந்தாள். 1954இல் அவர் ஜப்பானில் இருந்தபோது லைஃப் இதழிலிருந்து அழைப்பு வந்தது. இந்தோசீனாவில் இருந்த ஹோவர்ட் சோச்சுரெக் என்ற புகைப்படக்காரர் ஒரு மாதம் ஊருக்குப் போகவேண்டும், அவர் இடத்துக்கு ஆள் வேண்டும் என்றார்கள். அவர் ஏன் ஊருக்குப் போகவேண்டும்? அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஓர் அம்மாவின் படுக்கையருகே அவளுடைய மகன் போய்ச் சேர்வதற்காக இன்னொரு அம்மாவின் மகன் அந்த இடத்தில் போய் நின்றான். மே 25 அன்று வியட்நாமின் தாய்பின் அருகே, சாலையோரப் புல்வெளியில், கண்ணிவெடியில் கால் வைத்தான். வயது 40.

இதில் யார் மேல் குற்றம் சொல்வது? ஒருவர் மேலும் சொல்ல முடியாது. அதுதான் என்னை உறுத்துகிறது.

ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் காப்பாவுக்கு இடம் தர அமெரிக்க அரசு முன்வந்தபோது ஜூலியா வேண்டாம் என்றாள். என் மகன் படைவீரன் இல்லை, அவனுக்குப் போர் பிடிக்காது என்பது அவள் வாதம். நியூயார்க்குக்கு வடக்கே அமவாக் என்ற சிற்றூரில், போரே கூடாது என்கிற கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்களின் இடுகாட்டில் அடக்கம் நடந்தது. அந்த அம்மா செய்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிமிர்வு வருகிறது. மகன் உயிரோடிருந்தவரை அவன் எங்கே போகவேண்டும் என்று அவளால் சொல்ல முடியவில்லை. கடைசி இடத்தை மட்டும் அவள் முடிவு செய்தாள்.

இறந்த செய்தியாவது வந்தது. அதுவும் வராத வீடுகள் உண்டு.

1970 ஏப்ரல் 6. கம்போடியாவில் ஒன்றாம் எண் நெடுஞ்சாலை. ஷான் ஃபிளின், டேனா ஸ்டோன் என்ற இரண்டு அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் வாடகை மோட்டார் சைக்கிள்களில், கொரில்லாக்கள் மறித்து வைத்திருந்த இடத்தை நோக்கிப் போனார்கள். மற்ற நிருபர்கள் காரில் இருந்தபடி பார்த்தார்கள். கிளம்பும்போது அவர்களை எடுத்த படம் இன்றும் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர்களை நம் பக்கத்து ஆள் யாரும் பார்க்கவில்லை.

ஷானின் அப்பா எரல் ஃபிளின் ஹாலிவுட் நட்சத்திரம், அதற்கு முன்பே இறந்துபோனவர். அம்மா லிலி டமிட்டா பிரெஞ்சு நடிகை. ஒரே பிள்ளை. ஆள்வைத்துத் தேடினாள், ஏராளமான காசை அதில் கொட்டினாள். 1984இல், பதினான்கு வருஷம் கழித்து, மகன் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கச் சம்மதித்தாள். 1994இல் அவளும் போனாள். 2010இல் அங்கே தோண்டியெடுத்த எலும்புகள் ஷானுடையவை என்று செய்தி பரவியது. சோதித்துப் பார்த்தால் அவனுடையவை இல்லை. அந்தச் செய்தியைக் கேட்க லிலி இல்லாமல் போனதே நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

நம் ஊரில் காணாமல் போனவருக்கு என்ன செய்வது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. இத்தனை வருஷம் பார்த்துவிட்டு, தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து கொள்ளி வைப்பார்கள். வெள்ளைக்காரர்கள் அதைக் கோர்ட்டில் செய்கிறார்கள். வேறு வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

டேனா ஸ்டோனின் வீட்டுக் கதையைத் திரைக்கதையில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். வெர்மான்ட் மாநிலத்தில் பள்ளி வயதில் ஒரு தம்பி இருந்தான், ஜான். அண்ணன் தொலைந்த மறுவருஷமே ராணுவத்தில் சேர்ந்தான். அண்ணனுக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்வதும் அதற்கு ஒரு காரணம். தெரியவில்லை. ஆனாலும் ராணுவத்தோடு உறவு விடவில்லை. 2006 மார்ச்சில், ஐம்பதைத் தாண்டிய வயதில், மருத்துவ உதவியாளராக ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில் இருந்தபோது சண்டையில் செத்துப்போனான். 1970இல் ஓர் அண்ணன் கேமராவோடு போனதற்கு 36 வருஷம் கழித்து அதே வீட்டுக்கு இன்னொரு செய்தி.

இப்படித் தம்பி அண்ணன் பின்னால் போவது வியட்நாமியர்களிடமும் நடந்தது. ஹுயின் தான் மி அசோசியேட்டட் பிரஸ் (ஏபி) செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர். 1965 அக்டோபரில் மேக்கொங் கழிமுகப் பகுதியில் காயம்பட்டு, வெளியேற்ற ஹெலிகாப்டர் வருமென்று காத்திருந்த இடத்திலேயே கொல்லப்பட்டார். வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும். கொஞ்ச நாளில் பதின்ம வயதுத் தம்பி அதே அலுவலகத்தில் வேலை கேட்டு வந்து நின்றான். படப்பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஹார்ஸ்ட் ஃபாஸ் முதலில் மறுத்தார். ஒரு வீட்டில் இரண்டாவது பிள்ளையையும் வாங்கிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. பிறகு இருட்டறை வேலைக்கு எடுத்தார். அந்தப் பையன்தான் நிக் உட். 1972 ஜூன் 8 அன்று டிராங் பாங் சாலையில், நாபாம் குண்டில் வெந்து ஆடையில்லாமல் ஓடிவரும் சிறுமியின் படத்துக்குக் கீழே உலகம் அரை நூற்றாண்டாகப் படித்த பெயர். 2025இல் அதிலும் ஒரு தகராறு கிளம்பியது. எடுத்தது வேறொருவராக இருக்கலாம் என்று சொல்லி வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ அமைப்பு அந்தப் பெயரை நிறுத்திவைத்தது, ஏபி மாற்றமாட்டேன் என்றது. யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. கடுகு எழுத்தில் ஒரு பெயர், அதற்கு இவ்வளவு கனம். எங்கள் அம்மாவுக்கு இது அப்போதே தெரிந்திருந்தது.

அதே வியட்நாம் போரில் நம் பெயர் ஒன்றும் இருக்கிறது. சார்லஸ் செல்லப்பா. சிங்கப்பூர்க்காரர், ஏபிக்குத் தனியாகப் படம் எடுத்துக் கொடுத்தவர். 1966 பிப்ரவரி 14 அன்று கூச்சி பகுதியில் இறந்தார். கடமையில் இறந்தவர்களுக்காக அந்த நிறுவனம் வைத்திருக்கும் பட்டியலில் முதன்முதலாக 'செல்லப்பா' என்று வாசித்தபோது மளிகைக்கடைப் பலகையை வியட்நாமில் பார்த்ததுபோல் திடுக்கிட்டேன். அந்தப் பெயரை யாரோ ஓர் ஆத்தா தொட்டிலில் போட்டுக் காதில் மூன்று முறை சொல்லியிருப்பாள்.

இப்போதெல்லாம் மூன்று நாள் கணக்கு கிடையாது. நல்லதா கெட்டதா என்று எனக்குப் பிடிபடவில்லை. 2021 ஜூலை 13 அன்று இந்தியப் புகைப்படக்காரர் டேனிஷ் சித்திக்கி ஆப்கானிஸ்தானின் காந்தஹாரிலிருந்து ட்விட்டரில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் போன வண்டியின் கவசத்தில் ராக்கெட் பட்டது, தப்பித்தேன் என்றார். விடாமல் பதினைந்து மணி நேரம் ஓடியபிறகு கிடைத்த பதினைந்து நிமிடம் என்று புல்தரையில் மல்லாந்து கிடக்கும் படத்தைப் போட்டார். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். மூன்று நாள் கழித்து ஸ்பின் போல்டக்கில் அவர் கொல்லப்பட்டார். 38 வயது. மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள், ஜாமியா மில்லியாவில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா. ரோஹிங்யா அகதிகள் படங்களுக்காக 2018இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனக் குழுவோடு புலிட்சர் பரிசு வாங்கியவர். கோவிட் இரண்டாம் அலையில் டெல்லிச் சுடுகாடுகள் எரிந்ததை நாம் பார்த்ததே பாதி அவர் கண்ணால்தான். அவர் படித்த ஜாமியாவின் இடுகாட்டிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். 2022இல் அந்த கோவிட் படங்களுக்கு இரண்டாவது புலிட்சர் வந்தபோது நியூயார்க்கில் போய் வாங்கிக்கொண்டவை அந்தப் பிள்ளைகள். சித்திக்கியின் பெற்றோர் அதற்கு முன்பே பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார் கொடுத்திருந்தார்கள்.

அந்தப் புல்தரைப் படத்தை அவர் வீட்டில் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசிப்பேன். ராக்கெட் பட்ட காணொளியை முதலில் பார்த்திருப்பார்களா, படுத்திருக்கும் படத்தையா? எங்கள் அம்மாவுக்கு இதையெல்லாம் காட்டியிருந்தால் மூன்று வேளையும் உலை வைத்திருக்கமாட்டாள்.

போனே வராததும் ஒரு செய்திதான். அமெரிக்கர்களுக்கு நவம்பரில் நன்றி கூறும் நாள், நமக்குத் தீபாவளி மாதிரி. எங்கிருந்தாலும் வீட்டுக்குப் பேசிவிடவேண்டும். 2012இல் அந்த நாளில் ஜேம்ஸ் ஃபோலி பேசவில்லை. சிரியாவில் வீடியோவும் படமும் எடுத்துக்கொண்டிருந்தவர். ஏதோ நடந்துவிட்டது என்று அம்மா டயானுக்கு அப்போதே பட்டுவிட்டது. அன்றுதான் அவரைக் கடத்தியிருந்தார்கள். அவரோடு அடைபட்டிருந்தவர்களில் ஒருவர் டேனியல் ரியே, டென்மார்க்கின் இளம் புகைப்படக்காரர். டென்மார்க் அரசு பிணைப்பணம் தராது. ஆகவே அவர் குடும்பம் ஊர் உறவெல்லாம் திரட்டிப் பணம் சேர்த்தது. 2014 ஜூனில் அவர் வெளியே வந்தார். ஃபோலி வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தனுப்ப வழியில்லை, தாள் எல்லாம் பிடுங்கப்படும். அதனால் அவர் சொல்லச் சொல்ல ரியே மனப்பாடம் செய்துகொண்டார். ஊர் போய்ச் சேர்ந்ததும் டயானுக்குப் போன் போட்டு வரி வரியாக ஒப்பித்தார். அந்த அம்மா மகனின் கடிதத்தைக் காதால் வாசித்தாள். ஆகஸ்டில் ஃபோலியைக் கொன்றுவிட்டார்கள்.

பணம் திரட்டினால் வழக்குப் போடுவோம் என்று தன் அரசே தங்களை எச்சரித்ததாக டயான் பிறகு வெளிப்படையாகச் சொன்னாள். 2015இல் ஒபாமா அந்த நிலையை மாற்றி, பணயக்கைதிகளின் குடும்பங்கள் மேல் வழக்குப் பாயாது என்று அறிவித்தார். காத்திருப்பவர்களைத் தியாகிகள் என்று மேடையில் சொல்வது சுலபம். தியாகம் என்றால் ஒருவர் கேட்கவேண்டும், மற்றவர் கொடுக்கவேண்டும். எங்களை ஒருவரும் கேட்கவில்லை. டயானைக் கேட்டார்களா?

இதுவரை சொன்னதெல்லாம் போருக்குப் போனவர்கள் கதை. போர் தன் தெருவுக்கே வந்தால் போவது எங்கே, திரும்புவது எங்கே? திருகோணமலைக் கடற்கரையில் 2006 ஜனவரி 2 அன்று ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டே வெடித்தது என்று படைத்தரப்பு சொன்னது. சுடர் ஒளி நாளிதழின் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. படங்கள் அச்சாகின, கைக்குண்டுக் கதை உடைந்தது. ஜனவரி 24 காலையில் வேலைக்குக் கிளம்பிய சுகிர்தராஜனைத் தெருவில் சுட்டுவிட்டார்கள். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வீட்டில் இருந்தார்கள். அந்த மனைவி மூன்று வாரமாக ஒவ்வொரு காலையிலும் அவரை வழியனுப்பி, ஒவ்வொரு மாலையும் காத்திருந்திருப்பாள். வெளிநாட்டிலிருந்து வந்திறங்குகிறவர்களுக்குத் தலைக்கவசம், காப்பீடு, திரும்பிப் போக விமானச் சீட்டு எல்லாம் இருக்கும். விருதுப் பட்டியல்களிலும் அவர்கள் பெயர்தான் அதிகம். உள்ளூர் ஆளுக்கு ஒரு மிதிவண்டியோ பேருந்தோ இருக்கும்.

காசாவில் இப்போது எல்லோருமே உள்ளூர் ஆட்கள்தான். வெளிநாட்டு நிருபர்களைத் தன்னிச்சையாக உள்ளே போக இஸ்ரேல் விடவில்லை. 2025 ஆகஸ்ட் 25 அன்று கான் யூனிஸின் நாசர் மருத்துவமனை மேல்தளத்திலிருந்து ராய்ட்டர்ஸின் ஹுசாம் அல் மஸ்ரி நேரலை அனுப்பிக்கொண்டிருந்தார். குண்டு விழுந்தது. திரை சட்டென்று அணைந்தது. அதையும் மூன்று நாள் தள்ளிப் பார்க்கவில்லை, அந்த நொடியிலேயே பார்த்தார்கள். அவருக்கு உதவ ஓடி வந்தவர்கள் மேல் மறுபடியும் அடித்ததில் மரியம் டக்கா இறந்தாள். 33 வயது, ஏபிக்காகப் படம் எடுத்தவள். பதின்மூன்று வயது மகனைப் போரின் ஆரம்பத்திலேயே ஐக்கிய அரபு அமீரகத்தில் இருந்த அவன் அப்பாவிடம் அனுப்பிவிட்டாள். இங்கே காத்திருந்தது அம்மா இல்லை, பிள்ளை. அவனுக்கு அவள் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தாள். அழாதே என்கிறாள். பெரியவனாகிக் கல்யாணம் ஆகிப் பெண் பிறந்தால் என் பேரை வை என்கிறாள்.

பேர் வந்திருக்கா என்று நான் சத்தமாகவே கேட்டுவிட்டேன், அதைப் படித்த அன்று. பக்கத்தில் ஆள் இல்லை.

அண்ணன் ஜூலைக் கடைசியில் வந்தான். ஆறு கிலோ இளைத்திருந்தான். அடுத்த தெருக் கல்யாணத்தில் வெடி போட்டபோது சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டோடு மேசைக்கடியில் போனான். யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு கிரிக்கெட், அரசியல், ஒரு சில கலவரங்கள் என்று ஓடி, இப்போது கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கிறான். திராஸ் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. ஒருமுறை, "பேப்பரெல்லாம் எங்கம்மா? ஒரு ஆல்பம் போடலாம்னு இருக்கேன்" என்று கேட்டான். அம்மா உள்ளே போய் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்தாள். உள்ளே காகிதத் துணுக்குகள். படத்தை எல்லாம் விட்டுவிட்டுக் கீழேயிருந்த பெயரை மட்டும் கத்தரித்து வைத்திருக்கிறாள். படம் இருந்த பேப்பர் அலமாரிக்குள் விரித்தும் அப்பளம் காயவைத்தும் போய்விட்டது. அவனுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே. "யம்மா, கழுத்தை நனைச்சிக்கிட்டு பனியில படுத்து எடுத்த படம்மா அது!"

"அதுல நீ எங்கல இருக்க?" என்றாள்.

போன தை மாசம் அம்மா போனாள். பதினாறாம் நாள் முடிந்து அடுக்களையை ஒழிக்கும்போது பாட்டில் கிடைத்தது. தரையில் கொட்டி, அண்ணனும் நானும் உட்கார்ந்து எண்ணினோம். அவன் பெயர் அச்சான துணுக்குகள் இருபத்திமூன்று. கூடவே, அதே அளவில் கத்தரித்த வெற்றுத் துணுக்குகளும் இருந்தன. செய்தித்தாளின் ஓரத்து வெள்ளைத் தாள். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில், அவளுடைய கோணல் தமிழில், கிழமையும் தேதியும். பெயர் வராத நாட்கள்.

அண்ணன் ஒன்றை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். விரலை மடக்கி நாள் கழித்தான். பிறகு சிரித்தான். "அன்னைக்கு சுருள் தீந்துபோச்சு. லாட்ஜ்ல படுத்து நாள் பூரா தூங்குனேன்."

இன்னொன்றை எடுத்தான். அதிலும் விரல் மடக்கினான். ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிலுக்குள் போட்டுவிட்டு, மூடியைத் திருகித் திருகி இறுக்கினான்.